முன்தூணின் துளை

கிருபாகரனின் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. மடங்கின, நிமிர்ந்தன, ஸ்பானரைப் பிடித்தன. எதைத் தொடுகிறோம் என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை. போன வருடம் பாரம் தூக்கும் செயின் புளொக் வழுக்கி ஒரு கியர்பெட்டி அந்தக் கையின் மேல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தினார்கள், தசையைத் தைத்தார்கள். நரம்பு மட்டும் சொல்வழி கேட்கவில்லை. கொதிக்கிற ரேடியேற்றர் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்று, தோல் கருகும் மணத்தை மூக்கால் கண்டுபிடித்த அன்றுதான் அவனுக்கு விசயம் முழுக்க விளங்கியது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவனுடைய கராஜ். அதற்கு நேர்மேலே முதலாம் மாடியில் வீடு. நுவரெலியா மலையேற்றப் போட்டிக்குக் கார் கொண்டுபோகிறவர்கள் ஒரு காலத்தில் அந்த ஒழுங்கையில் வரிசையில் நின்றார்கள். கை போன பிறகு அவர்கள் வந்தார்கள், தோடம்பழம் கொண்டுவந்தார்கள், “நல்லா சுகப்படட்டும் அண்ணே, பிறகு பாப்பம்” என்றார்கள். அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எஞ்சின் மலைச்சரிவில் வெடித்தால் போவது காரோட்டுகிறவனின் கழுத்து. விரலில் உணர்ச்சி இல்லை என்பதைக் கிருபாகரன் யாருக்கும் சொல்லவில்லை. அவன் மனைவி நேசமலருக்கு மட்டும் தெரியும். அவளிடம் மறைக்க வழியில்லை, சோற்றில் கிடக்கும் மீன்முள்ளை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

சில்லறை வேலைகளில் மாதங்கள் போயின. பிறேக் பாட் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது. அப்போதுதான் தெஹிவளையில் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கும் அஹ்ஸன் தன் மினி காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கராஜ் வாசலில் இறக்கினான்.

“முழுசாக் கழட்டிக் கட்டணும் அண்ணே. அடுத்த மாசம் மலைக்குப் போறன்.”

மேலேயிருந்து இருவருக்கும் பால் விடாத பிளேன்டீ வந்தது. கிருபாகரன் தன் கிளாசைக் கையில் பிடித்தபடி காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

“வேற ஆரிட்டயும் கேட்டனியோ?”

“இல்ல.”

“ஏன்?”

“என்னண்ணே இது, போலீஸ் விசாரணை மாதிரி. கட்டுவீங்களா, மாட்டீங்களா?”

கட்டுகிறேன் என்றான். சொன்ன பிறகு மேலே போய், வலது கையைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

எஞ்சினின் தலையை மெசின் வேலைக்காகக் கொட்டாஞ்சேனையில் சஜீத்தின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனான். வால்வ் உட்காரும் இடங்கள் குழிந்திருந்தன, மறுபடி வெட்டவேண்டும். சஜீத் அவனோடு பழைய பட்டறை ஒன்றில் ஒன்றாக வேலை பழகியவன், நாக்கில் எலும்பில்லாதவன்.

“யாரு கட்டுறது? நீயா?”

“வேற ஆர்?”

“கை பிடிக்குதா மச்சான்? இல்ல சும்மா அழகுக்குத் தொங்கவிட்டிருக்கியா?”

“உன்ர கழுத்தைப் பிடிச்சுக் காட்டட்டோ?”

சஜீத் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “கோவிக்காத. இந்த எஞ்சின் போச்சுண்டா இனி ஒருத்தனும் உன் வாசலை மிதிக்கமாட்டான். அதான் கேட்டேன்” என்றான்.

அது கிருபாகரனுக்கே தெரியும். வெட்டி முடிந்த எஞ்சின் தலையைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான். நாற்பத்தாறு வயதில் வேறு தொழில் பழக முடியாது. பழகுவதற்கு அவனுக்கு விருப்பமும் இல்லை.

மினியின் எஞ்சின் பழைய மாதிரி. கேம் என்கிற மேடுவைத்த தண்டு கீழே சுழலும். அது தள்ளும் கம்பி மேலே வந்து றொக்கர் ஆமின் ஒரு நுனியை உயர்த்தும். பிள்ளைகளின் சீசோப் பலகை போல மற்ற நுனி இறங்கி வால்வை அமுக்கும். அமுக்கும்போது அந்த நுனி வால்வின் உச்சியில் ஒரே இடத்தில் நிற்காது, கொஞ்சம் முன்னே போய்ப் பின்னே வரும். அந்த நடை உச்சியின் நடுவில், ஒடுக்கமாக இருக்கவேண்டும். ஓரத்துக்குப் போனால் ஒவ்வொரு அமுக்கலும் வால்வைப் பக்கவாட்டில் நெரிக்கும். சந்தைக்குப் போய்வரும் காரில் அது வருடக்கணக்கில் தேயும். மலையேறும் காரில் ஒரு வளைவிலேயே முறியும்.

சஜீத் உட்காரும் இடங்களை வெட்டியதால் வால்வுகள் சற்று உள்ளே போய்விட்டன, அவற்றின் உச்சிகள் அந்த அளவுக்கு மேலே வந்துவிட்டன. றொக்கர்களைக் கோத்து வைத்திருக்கும் தண்டு பழைய உயரத்திலேயே இருந்தது. கிருபாகரன் வால்வ் உச்சிகளில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, தண்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தான். றொக்கர் உரசிய இடத்தில் கறுப்பு அழிந்து வெள்ளிப் பட்டை தெரிந்தது. அகலமான பட்டை, வெளி ஓரத்துக்கு வழிந்து கிடந்தது. தண்டைத் தாங்கும் நான்கு தூண்களுக்கும் கீழே பித்தளைத் தகடு வைத்து உயர்த்தவேண்டும்.

சஜீத்திடம் வாங்கி வந்த மெல்லிய தகட்டை எடுத்தான். தகரக் கத்தரியை எடுத்தான். வெட்டத் தொடங்கியதும் கத்தரி கோணிக்கொண்டு போனது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே விரல்களுக்குத் தெரியவில்லை.

மேலே போனான். நேசமலர் தையல் மெசினில் இருந்தாள். ஒழுங்கையின் கலியாணப் பிளவுஸ்களில் பெரும்பாலானவை அவள் தைப்பவை.

“மலர், ஒருக்காக் கீழ வாரும். ஒரு தகடு வெட்டவேணும்.”

“என்ர கத்தரியைத் தரமாட்டன்.”

“உம்மட கத்தரியை ஆர் கேட்டது? உம்மைத்தான் கேக்கிறன்.”

அவள் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தாள்.  மெசினை மூடிவிட்டு இறங்கி வந்தாள்.

கிருபாகரன் கடைசித் தூணைக் கடதாசியில் வைத்து அச்செடுத்துக் கொடுத்தான். அவள் பிளவுஸ் வெட்டுவது போலத்தான் அதையும் வெட்டினாள். மாதிரியைத் தகட்டில் வைத்து, ஊசி முனையால் சுற்றிக் கீறி, ஒன்றுபோல நான்கு துண்டு. நட்டுக்கான ஓட்டைகளை அவன் போட்டான். வெட்டிய விளிம்பை அவள் பெருவிரலால் தடவித் தடவி, பிசிர் தட்டுப்பட்ட இடத்தை எண்ணெய்க்கல்லில் தேய்த்தாள்.

“இது நல்ல துணி. இழுபடாது,” என்றாள்.

அடுத்தது பீலர் கேஜ். றொக்கருக்கும் வால்வுக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளியை அந்த மெல்லிய எஃகு நாக்கைச் செருகி இழுத்துப் பார்த்துத்தான் வைப்பார்கள். எத்தனை வருடம் பழகினாலும் அந்த இழுவை விரலுக்குத்தான் தெரியும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிருபாகரன் இரண்டு தரம் இழுத்தான். இறுக்கமா, தளர்வா? விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை. கேஜை அவளிடம் நீட்டினான்.

“எவ்வளவு இறுக்கம் வேணும்?”

“வழுக்கோணும். ஆனா சும்மா வரக்கூடாது.”

“மெழுகு பூசின நூல் ஊசிக்கண்ணுக்கால வாறமாதிரியோ?”

அவன் ஊசியில் நூல் கோத்ததே இல்லை. “ஓம், அப்பிடித்தான்,” என்றான்.

அவள் இழுப்பாள், “இன்னும் கொஞ்சம்” என்பாள். அவன் திருகாணியைத் திருப்புவான். “காணும். ஐயோ, கூடிப்போச்சு, விடுங்கோ.” இப்படியே எட்டு வால்வும் முடிந்தது. மறுபடி கறுப்புப் பூசி, சுற்றி, கழற்றிப் பார்த்தபோது ஒவ்வொரு உச்சியின் நடுவிலும் ஒடுங்கிய வெள்ளிக்கோடு கிடந்தது. கிருபாகரன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்த்து முடிந்த பிறகும் முதலாவதிலிருந்து மறுபடி பார்த்தான்.

“சரியோ?” என்றாள்.

“சரியோவோ. இப்பிடி நான்கூட வைச்சதில்லை.”

“பொய்.”

பொய்தான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அது உண்மை போலத்தான் இருந்தது. அஹ்ஸன் வரும் நேரங்களில் அவளைக் கீழே கூப்பிடக்கூடாது என்பதிலும் கவனமாக இருந்தான். பெண்சாதியின் விரலை இரவல் வாங்கி எஞ்சின் கட்டுகிறான் என்ற கதை ஒழுங்கையைத் தாண்டிப் போனால் மிச்சமிருக்கும் பிறேக் பாட் வேலையும் போய்விடும்.

கார் மலைக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாளுக்கு முன் எல்லாம் பூட்டி முடிந்தது. புதிதாகக் கட்டிய எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்வது கிருபாகரனின் கராஜில் நடக்காத காரியம். காய்ந்த உலோகம் காய்ந்த உலோகத்தோடு உரசினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் பூட்டும்போதே றொக்கர்கள் எல்லாவற்றுக்கும் தடித்த எண்ணெய் பூசுவான். பிளக்குகளைப் போடாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிடுவான். கீழே இருந்து பம்ப் தள்ளும் எண்ணெய் மேலே றொக்கர்களுக்கு வந்து சேர்ந்ததைக் கண்டால்தான் பிளக். பந்தயக்காரர்கள் கெஞ்சினாலும் சரி, ஏசினாலும் சரி, அதில் மாற்றமில்லை.

மத்தியான வெயிலில் அஹ்ஸன் வந்துவிட்டான். கடையைப் பூட்டாமலே ஓடிவந்திருக்கிறான். காரில் ஏறிச் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் கரகரத்துச் சுற்றியது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுந்தது.

“அண்ணே, முள்ளு ஏறிட்டு. மேலே வந்திட்டா?”

கிருபாகரன் றொக்கர்களைக் குனிந்து பார்த்தான். எல்லாம் பளபளத்தன. சுட்டுவிரலால் ஒரு றொக்கரைத் தொட்டு எடுத்தான். விரல் நனைந்திருந்தது.

“வந்திட்டுது.”

“அப்ப பிளக்கைப் போடுங்க. நான் கடைக்கு ஓடணும்.”

இரண்டு குவளை தேசிக்காய்த் தண்ணீரோடு நேசமலர் படியிறங்கி வந்தது அப்போதுதான். குவளைகளை மேசையில் வைத்தாள். அவன் எண்ணெய் விரலைச் சேட்டில் துடைக்கப் போனதைக் கண்டு கையைப் பிடித்தாள். அந்தச் சேட்டைத் தோய்ப்பது அவள். இடுப்பில் செருகியிருந்த துணித்துண்டால் விரலைத் துடைத்தவள், துணியில் பட்டதைத் தன் விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

“இது நீங்கள் காலமை பூசினதெல்லோ,” என்றாள்.

“என்ன?”

“நீங்கள் எஞ்சினுக்குள்ள கானில இருந்து ஊத்தின எண்ணெய் தண்ணிமாதிரி. இது பிசுபிசுக்குது. நீங்கள் தூரிகையால பூசின தடிச்ச எண்ணெய் இது.”

“உமக்கு எண்ணெயைப் பற்றி என்ன தெரியும்? மேல போம்.”

அவள் போகவில்லை. துணித்துண்டை நீட்டினாள். “எனக்கு ஒண்டும் தெரியாது. ஒரு றொக்கரைத் துடைச்சுப்போட்டுச் சுத்திப் பாருங்கோவன். என்ன குறைஞ்சு போகும்?”

அஹ்ஸன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கிருபாகரன் துணியைப் பறித்து, நடுவிலிருந்த றொக்கர் ஒன்றை அழுத்தித் துடைத்தான். பிளவுஸ் வெட்டிய மிச்சம், சிவப்புப் பட்டு.

“சுத்து,” என்றான்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. முள் எழுந்தது. துடைத்த றொக்கர் துடைத்தபடியே இருந்தது. மறுபடி சுற்றச் சொன்னான். அதன் உள்ளிருந்து ஒரு துளிகூடக் கசியவில்லை. பிளக்கைப் போட்டு மலையில் ஏற்றியிருந்தால் முதல் வளைவுக்கு முன்பே தண்டு இறுகியிருக்கும்.

பம்ப் நல்லது. முள் எழுகிறது. எண்ணெய் தலைவரைக்கும் வருகிறது, தண்டுக்குள்தான் போகவில்லை. தலையிலிருந்து தண்டுக்கு எண்ணெய் போகும் வழி ஒன்றே ஒன்று, முன்தூணுக்குள் இருக்கும் துளை.

கிருபாகரன் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தான்.

“மலர். அந்தத் தகடு. நாலும் ஒரே மாதிரியெல்லோ வெட்டினனீர்?”

“ஓம். நீங்கள் தந்தது ஒரு மாதிரி.”

“கடைசித் தூணின்ர.”

“ஓம்.”

“முன்தூணுக்கு எண்ணெய் ஓட்டை ஒண்டு கூட இருக்கு. நான் தகட்டை வைச்சு அதை மூடிப்போட்டன்.”

அவள் குனிந்து முன்தூணைப் பார்த்தாள். பிறகு, “பிளவுஸிலயே முன்துண்டும் பின்துண்டும் ஒண்டில்லை,” என்றாள். “நான் கேட்டிருக்கவேணும்.”

“நீர் என்னத்தைக் கேக்கிறது. இருவது வருசம் இந்த எஞ்சின் கட்டுறவன் நான்.”

அஹ்ஸன் காரைவிட்டு இறங்கி வந்து தேசிக்காய்த் தண்ணீரை எடுத்துக் குடித்தான். அவன் முகத்தைப் பார்க்கக் கிருபாகரனுக்கு ஏலவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அஹ்ஸன், எனக்கு இந்த ரெண்டு விரலிலயும் உணர்ச்சி இல்லை. எண்ணெய் வந்திட்டுது எண்டு சொன்னது சும்மா சொன்னது. இடைவெளி வைச்சதும் நானில்லை, இவ. உனக்கு முதலே சொல்லியிருக்கவேணும். காரை ஏத்திக்கொண்டு போறதெண்டால் போ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

“விரல் வெளங்காதுண்டு எனக்குத் தெரியும் அண்ணே.”

“ஆர் சொன்னது?”

“யாரும் செல்லல்ல. கார் இறக்கின அன்டைக்குப் பிளேன்டீ குடிச்சீங்களே. நான் கிளாசை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்தி மாத்தி ஊதிட்டு நிக்கிறன். நீங்க காரைச் சுத்தி ஒரு ரவுண்ட் போய் வாறீங்க, ஒரே கையில புடிச்சிட்டு. மனுசன் புடிக்கிற சூடா அது?”

நேசமலர் சிரிப்பை அடக்கினாள்.

“அப்ப ஏன் தந்தனி?” கிருபாகரன் நிமிர்ந்தான்.

“மத்த கராஜில எல்லாம் கட்டின உடனே ஸ்டார்ட் அடிப்பாங்க. நீங்க எண்ணெய் மேலே வராம பிளக்கைத் தொடவும் உடமாட்டீங்க. அதுக்குத்தான் தந்த. விரலுக்கில்ல.” காலிக் குவளையை வைத்தான். “இன்டைக்கு நான்தான் அவசரப்படுத்தின. அக்கா இல்லாட்டி ரெண்டு பேரும் சேந்து எஞ்சினைத் தின்டிருப்போம். இப்ப என்ன செய்ற, செல்லுங்க.”

 கிருபாகரன் எழுந்து ஸ்பானரை எடுத்தான்.

தூண்களைப் பிடிக்கும் நட்டுகளில் பாதி, எஞ்சினின் தலையையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் கழற்றினால் தலை கோணிக்கொள்ளும். அதனால் ரேடியேற்றர் தண்ணீரை வடித்து, எல்லா நட்டுகளையும் ஒழுங்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தண்டைத் தூக்கினார்கள். முன்தகடு வெளியே வந்தது. எண்ணெய் வந்து முட்டிய இடத்தில் பித்தளை வட்டமாக மினுங்கியது, எவ்வளவோ தட்டியும் திறக்காத கதவில் பதிந்த கைத்தடம் போல. கிருபாகரன் துளையின் இடத்தைக் குறித்துத் துளைத்தான். நேசமலர் துளையின் வாயைத் தடவிப் பார்த்து, “இஞ்ச ஒரு பிசிர்” என்றாள். தேய்த்தான். மறுபடி தடவினாள். “இப்ப சரி.”

திரும்பப் பூட்டினார்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, ஒழுங்குப்படி இறுக்கினான். இடைவெளிகளை முதலிலிருந்து வைத்தார்கள், இந்தமுறை அஹ்ஸனின் கண்ணுக்கு முன்னாலேயே. அவள் இழுத்தாள், அவன் திருப்பினான். “காணும்” என்று அவள் சொன்னதும் அஹ்ஸனும் “காணும் காணும்” என்றான். “நீ பேசாமல் நில்” என்று கிருபாகரன் ஏசினான். கடையிலிருந்து அஹ்ஸனுக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

கிருபாகரன் றொக்கர்களை எல்லாம் சிவப்புப் பட்டால் துடைத்துவிட்டு, “சுத்து” என்றான்.

முதலில் ஒன்றுமில்லை. முள் எழுந்தது. பிறகு முன் றொக்கரின் அடியில் தேன் நிறத்தில் ஒரு துளி தலைகாட்டியது. அது பெருத்து வழிந்தது. அடுத்த றொக்கர், அதற்கடுத்தது, கடைசிவரைக்கும். நேசமலர் ஒருவரும் சொல்லாமலே விரலை நீட்டித் தொட்டுத் தேய்த்தாள்.

“தண்ணிமாதிரி,” என்றாள்.

ரேடியேற்றருக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள், பிளக்குகள் ஏறின. எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. ஒழுங்கை முழுக்க அதிர்ந்தது, எதிர்வீட்டுக்காரர் யன்னலைச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் கிருபாகரன் மனைவியைப் பார்த்து ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை.

“என்ன சொன்னனீங்கள்?”

கிருபாகரன் எஞ்சினை நிறுத்தினான். சொல்ல நினைத்தது சத்தத்தோடு போய்விட்டது. ஒரு வருடமாக அவனுக்காக மீனில் முள்ளெடுத்த விரல்கள் அவை. “கையைக் கழுவும்,” என்றான். “சவர்க்காரம் நல்லாப் போடும். எண்ணெயோட கலியாணப் பிளவுஸில கைவைக்காதையும்.” பிறகு தானே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கழுவி முடியும்வரைக்கும் பிடித்திருந்தான். அவளும் அவசரப்படவில்லை.

அடுத்த கிழமை அஹ்ஸன் வந்தான். போட்டியில் அவனுடைய கார் வகுப்பில் மூன்றாவது இடம். கப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, லீக்ஸ் ஒரு கட்டையும் கரட் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு படியேறி நேசமலரிடம் கொடுத்தான். “அக்காவுக்கு மலையில இருந்து.” அவள் இறங்கி வந்ததும் மூன்று பேரும் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, றொக்கர்த் தண்டை முறைப்படி தூக்கிப் பார்த்தார்கள். வால்வ் உச்சிகளின் நடுவில் கோடு கிடந்தது. வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை, அகலவுமில்லை. கிருபாகரன் கடவுளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் உள்ளவன் அல்ல. அன்று, மூடியைப் பூட்டும்போது, யாருக்கென்று தெரியாமல் தலையை ஒருக்கால் ஆட்டினான்.

அஹ்ஸன் போன பிறகு தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து சஜீத்.

“டேய், மினி கதை கேள்விப்பட்டேன். இங்க ஒருத்தர் டட்சன் கொண்டாந்திருக்கார், பந்தய எஞ்சின். உன்கிட்ட அனுப்பட்டா? ஒண்ணு கேக்கணும், கோவிக்காத. அஹ்ஸன் சொன்னான், வீட்ல அண்ணி இருந்தாத்தான் வேலை சரிவரும்ணு. உண்மையா?”

மேலே தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. கிருபாகரன் சுட்டுவிரலைப் பார்த்தான். அது வழக்கம்போல ஒன்றும் தெரியாமல் இருந்தது.

“உண்மைதான்,” என்றான். “என்ர விரலுக்கு ஒண்டும் விளங்காது. இழுத்துப் பாக்கிறது அவதான். அந்தாளுக்கு அதைச் சொல்லிப்போட்டு அனுப்பு.”

“சரி. நாளைக்கு அனுப்பட்டா?”

“நாளைக்கு ஏலாது. அவவுக்கு ஒரு கலியாணப் பிளவுஸ் முடிக்கக் கிடக்கு. நாளையிண்டைக்கு அனுப்பு.”